நைரோபியிலிருந்து அக்ரா: ஒரு நோன்பின் நீளம்

கென்யாவின் நைரோபியிலிருந்து கானாவின் அக்ராவுக்கு ஏறத்தாழ நாலாயிரத்து இருநூறு கிலோமீட்டர். நேரடி விமானத்தில் ஆறு மணி நேரம் பிடிக்கும். இரண்டு ஊர்களுக்கும் கடிகாரத்தில் மூன்று மணி நேர வித்தியாசம். நெவார்க்கில் ஏறி சான் பிரான்சிஸ்கோவில் இறங்குகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பழகியதுதான். தூரம், பறக்கும் நேரம், கடிகார வித்தியாசம் மூன்றும் அநேகமாக அதேதான். எங்கள் சொந்தக்காரர்கள் பலர் ஆப்பிரிக்கா என்றால் பக்கத்துப் பக்கத்து ஊர்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். "நைரோபி வரைக்கும் போறீங்க, அப்படியே கானாவும் பாத்துட்டு வந்துடுங்க" என்று சொன்னவர்களுக்கு நான் இந்த ஒப்பீட்டைத்தான் சொன்னேன்.

ஒப்பீடு சரி. பிறகு நான் போட்ட நோன்புக் கணக்குதான் தவறு.

போனது எனக்காக அல்ல, ஜமால் மச்சானுக்காக. அவர் என் மனைவியின் அண்ணன். டெக்சாஸில், பிளானோவில் மூன்று மளிகைக் கடைகள் நடத்துகிறார். கென்யத் தேயிலையையும் கானா முந்திரியையும் அமெரிக்க மொத்த வியாபாரிகளிடம் போகாமல் நேராக வாங்க வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. இந்த வருடம் முந்திரி சீசனும் நோன்பு மாதமும் சேர்ந்து வந்தன. முந்திரி காத்திருக்காது. நோன்பை விட அவர் தயாராக இல்லை.

போன வருடம் அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். சர்க்கரையும் சேர்ந்துகொண்டது. நோன்பு மாதம் முழுவதும் ஒரு நோன்புகூடப் பிடிக்க விடவில்லை. விடாதவள் அவருடைய மகள் ஷிரின். சான் பிரான்சிஸ்கோ பக்கம் லிவர்மோரில் டாக்டர். இந்த வருடம் அவள் நிபந்தனையோடு அனுமதித்தாள். மாத்திரை விடியற்காலை சஹர் சாப்பாட்டில் பாதி, நோன்பு திறந்த பிறகு முழுசு. கையில் சென்சார் ஒட்டியிருக்கும், சர்க்கரை எண் அவர் போனில் தெரியும். எழுபதுக்குக் கீழே போனால் அந்த நிமிடமே நோன்பை விட்டுவிட வேண்டும்.

"மாமா, அவர் என்னிடம் சரி சரி என்பார், செய்யமாட்டார்" என்று போனில் ஆங்கிலத்தில் சொன்னாள். தமிழ் புரியும், பேச வராது. "நீங்கள்தான் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறவர். அதனால்தான் உங்களைக் கூட அனுப்புகிறேன்."

பின்னாலிருந்து மச்சானின் குரல் கேட்டது. "என்னம்மா, என்னைய லக்கேஜ் மாதிரி மாமாகிட்ட ஒப்படைக்கிற? டேக் ஒட்டி விடு."

*

நைரோபியில் முதல் நாள் முழுவதும் சாலையில் கழிந்தது. டிரைவர் ஜோசப் ஒரு சந்திப்பில் இன்ஜினையே அணைத்துவிட்டு, "இங்கே சிக்னல் பச்சை ஆவது அலங்காரத்துக்காக" என்றார். தினமும் ஜெர்சி சிட்டி வீட்டிலிருந்து ஆற்றுக்கு அடியில் ரயிலில் வேலைக்குப் போய்ப் பழகிய எனக்கு, நகராத வண்டிக்குள் உட்கார்ந்திருக்கப் பொறுக்கவில்லை. மச்சானுக்கு அது தன் ஊர் டோல்வே நெரிசலில் தினமும் போகிற மாதிரியே இருந்தது. வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார்.

இரண்டாம் நாள் தேயிலைத் தரகரின் அலுவலகம். நீண்ட மேசையில் வெள்ளைக் கிண்ணங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றையும் கரண்டியில் எடுத்து உறிஞ்சி, சுவை பார்த்து, துப்ப வேண்டும். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. வாங்க வந்த இருவருமே நோன்பாளிகள்.

மச்சான் குனிந்து முகர்ந்து பார்த்தார். நிறத்தைப் பார்த்தார். தரகர் பொறுமையாக நின்றார்.

"ஜோசப்பைக் கூப்பிடுங்க மாப்ள" என்றார் மச்சான்.

ஜோசப் வந்தார். பன்னிரண்டு கிண்ணங்களையும் ருசித்தார். துப்பச் சொன்னபோதும் விழுங்கினார். எது நன்றாக இருக்கிறது என்று கேட்டோம்.

"பாலும் சர்க்கரையும் போடாத தேநீர் எல்லாமே எனக்கு ஒன்றுதான், ஐயா" என்றார்.

மச்சான் சிரித்த சிரிப்பில் தரகரும் சிரித்துவிட்டார். மாதிரிப் பொட்டலங்களை வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

அன்று மாலை திரும்பும் வழியில் மறுபடியும் நெரிசல். மச்சான் பேச்சைக் குறைத்துவிட்டார். நெற்றியில் வியர்வை. ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

"மச்சான், நம்பர் என்ன?"

"பரவால்ல."

"நம்பரைக் கேட்டேன்."

"போன் பாக்கெட்ல இருக்கு. எடுக்க முடியல."

நோன்பு திறக்கும் பாங்கு கேட்கும்வரை அவர் அந்தப் போனை எடுக்கவில்லை. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பாங்கு தொடங்கியதும் ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். பிறகுதான் நான் போனை வாங்கிப் பார்த்தேன். இருபது நிமிடங்களாக எழுபதுக்குக் கீழேதான் இருந்திருக்கிறது. எச்சரிக்கை ஒலியை அணைத்து வைத்திருந்தார்.

சோமாலியர்களின் ஒரு சாப்பாட்டுக் கடையில் இறங்கினோம். ஆட்டுக்கறி வைத்த சமோசா, ஏலக்காய் மணக்கும் மண்டாசி ரொட்டி, பால் தேநீர். மேசை நிறைய வந்தும் எனக்கு இறங்கவில்லை.

"மச்சான், பயணத்துல இருக்கோம். மார்க்கத்துலயே சலுகை இருக்கு. விட்டுட்டு அப்புறம் வேற ஒரு நாள் களாவா பிடிச்சுக்கலாம். உங்களுக்குத் தெரியாததா?"

அவர் சமோசாவைப் பிட்டு வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"போன வருஷம் முப்பது நாளும் சலுகைதான் மாப்ள. மத்தியானம் நான் மட்டும் தனியா உக்காந்து சாப்பிடுவேன். சாயங்காலம் எல்லாரும் பாங்குக்காகக் காத்துக்கிட்டு இருக்கறப்ப நானும் வந்து உக்காருவேன். பிள்ளைங்க எனக்குத்தான் முதல் பேரீச்சம்பழம் குடுக்கும். என் வீட்டுலயே நான் விருந்தாளி மாதிரி இருந்தேன். இந்த வருஷம் ஒண்ணையும் விடமாட்டேன்."

நான் அவர் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அன்றிரவே எண்கள் ஷிரினின் போனிலும் தெரியும்படி மாற்றி வைத்தேன்.

*

மூன்றாம் நாள் அக்ராவுக்குப் பயணம். எனக்கு ஒரு வழக்கம் உண்டு. மறுநாளின் நேரங்களை முந்தின நாளே எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிடுவேன். சஹர் முடிவு ஐந்தே கால். விமானம் இரண்டு. அக்ராவில் இறங்குவது ஐந்து. நோன்பு திறப்பது ஆறே கால். பார்க்க ஒரு சாதாரண நோன்பு நாள் மாதிரியே இருந்தது. பதின்மூன்று மணி நேரம்.

மச்சான் இதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். இரண்டு வருடத்துக்கு முன், அவர் நன்றாக இருந்தபோது, ஷிரின் வீட்டிலிருந்து நாங்கள் இருவரும் நோன்போடு நெவார்க்குக்குப் பறந்திருக்கிறோம். கிழக்கு நோக்கிய பயணம். எதிர்பார்த்ததற்கு வெகு முன்னதாகவே ஜன்னலுக்கு வெளியே இருட்டிவிட்டது. "அமெரிக்காவுலயே குட்டி நோன்பு இதுதான்" என்று அன்று சொன்னார். அன்றிலிருந்து ஆகாயத்தில் நோன்பு சீக்கிரம் முடியும் என்பது அவருடைய நம்பிக்கை. சஹரில் அந்த நம்பிக்கையோடுதான் மாத்திரையை விழுங்கினார்.

விமானம் ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. மூன்று இருக்கைகளில் ஜன்னல் ஓரம் ஒரு கானா அம்மையார். நடுவில் மச்சான். ஓரத்தில் நான். அம்மையார் நைரோபியில் துணி விற்றுவிட்டு ஊர் திரும்புகிறவர். உட்கார்ந்ததும் ஜன்னல் மூடியை இழுத்து விட்டார். "மூன்று நாட்களாகத் தூக்கமில்லை. சாப்பாட்டுக்குக்கூட எழுப்பாதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போர்வைக்குள் போனார்.

சாப்பாடு வந்தபோது மச்சான் பணிப்பெண்ணிடம் எங்கள் தட்டுகளை எடுத்து வைக்கச் சொன்னார். ஆறே காலுக்கு வேண்டும் என்றார். அவள் தலையாட்டினாள். "கேப்டனிடம் சூரியன் மறையும் நேரத்தைக் கேட்டுச் சொல்கிறேன்" என்றாள்.

அக்ராவில் இறங்குவதே ஆறு மணிக்குத்தான், ஆறே காலுக்கு விமானத்தில் எப்படிச் சாப்பிடுவது என்று எனக்கு அப்போதும் தோன்றவில்லை. விமானம் மேலே ஏறியதுமே கடிகாரத்தை இறங்கப்போகும் ஊருக்கு மாற்றிவிடுவது என் பழக்கம். நான் அக்ரா நேரத்தில் இருந்தேன். மச்சான் நைரோபி நேரத்தில் இருந்தார். இருவர் கைகளும் ஒரே கைப்பிடியில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன.

பாதி வழியில் மச்சான் பையிலிருந்து டிஷ்யூவில் சுற்றிய பேரீச்சம்பழங்களை எடுத்து முன்னால் இருந்த பலகையில் பரப்பினார். விரல்கள் நடுங்கின.

"என்ன மச்சான் அதுக்குள்ள?"

"அதுக்குள்ளயா? இன்னும் இருபது நிமிஷம்தானே" என்று கடிகாரத்தைக் காட்டினார்.

என் கடிகாரத்தில் மணி மூன்று ஆகவில்லை.

நேற்று எழுதி அனுப்பிய நேரங்களை அப்போதுதான் மறுபடி நினைத்துப் பார்த்தேன். ஆறே கால் என்று நான் எழுதியது அக்ராவின் ஆறே கால். ஐந்தே கால் என்று எழுதியது நைரோபியின் ஐந்தே கால். ஒரே வரிசையில் எழுதி, கழித்துப் பார்த்துப் பதின்மூன்று என்று சொல்லியிருக்கிறேன். உண்மையில் இன்றைய நோன்பு பதினாறு மணி நேரம். நாங்கள் மேற்கே போகப் போக, சூரியனும் எங்கள் கூடவே வந்துகொண்டிருந்தது. குட்டி நோன்பில் சேமித்த மூன்று மணி நேரம் இன்றைக்குத் திரும்பி வந்து நின்றது.

மாத்திரை பதின்மூன்று மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தது. கையிலிருந்த போனைப் பார்த்தேன். எழுபத்தெட்டு. பக்கத்தில் கீழ்நோக்கிய அம்புக்குறி.

உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பழங்களைத் திரும்பச் சுற்றி வைத்துவிடுவார். எழுபதுக்குக் கீழே போனாலும் "இன்னும் கொஞ்சம்தானே" என்பார். நேற்றுச் சாலையில் இருந்தோம், சுற்றிலும் ஊர் இருந்தது. இங்கே கீழே காடு. இறங்க மூன்று மணி நேரம்.

முன்பக்கத் திரைக்குள்ளிருந்து பணிப்பெண் வெளியே வருவதைப் பார்த்தேன். எங்கள் வரிசையைப் பார்த்துத்தான் வந்துகொண்டிருந்தாள். நான் எழுந்து, கழிவறைக்குப் போகிறவன் போல அவளை வழியிலேயே மறித்து, திரைக்குள் அழைத்துப் போனேன்.

"கேப்டனிடம் கேட்டேன்" என்றாள். "நாம் தரை இறங்கிய பிறகுதான் சூரியன் மறையும்."

"தெரியும். தயவுசெய்து அவரிடம் சொல்லாதீர்கள். அவருக்குச் சர்க்கரை இறங்கிக்கொண்டிருக்கிறது. சொன்னால் சாப்பிடமாட்டார்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அடுப்பைத் திறந்து தட்டுகளை உள்ளே வைத்தாள்.

"சாப்பாடு கொடுப்பது என் வேலை. சூரியன் என் வேலை இல்லை" என்றாள்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். முழுக்கைச் சட்டையின் பட்டனை மாட்டி, கடிகாரத்தை உள்ளே மறைத்தேன்.

"என்ன சொன்னா?"

"சாப்பாட்ட சூடு பண்ணிக் கொண்டு வர்றாளாம்."

"டைம் பாருங்க மாப்ள. என் கண்ணு ஒரு மாதிரி மங்குது."

அவருடைய மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். கை ஜில்லென்று ஈரமாக இருந்தது. "உங்க வாட்ச்சுல ஆறு பதினாலு" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

"அப்ப ஒரு நிமிஷம்."

மூடிய ஜன்னலின் அடியில், மூடி சரியாகப் பொருந்தாத இடத்தில், வெளிச்சம் ஒரு கோடாக எரிந்துகொண்டிருந்தது. தூங்கும் அம்மையாரின் போர்வைமேல் அது மஞ்சளாக விழுந்திருந்தது. மச்சானின் முகம் அந்தப் பக்கம் திரும்பியது. பிறகு கடிகாரத்துக்கு வந்தது. கோட்டைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. போனில் எழுபத்திரண்டு.

கைகளை ஏந்தி துஆ ஓதினார். ஒரு பழத்தை எடுத்தார். வாயில் போடவில்லை. எப்போதும் போல முதலில் என்னிடம் நீட்டினார்.

"எடுங்க."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கு உடம்பில் ஒன்றும் இல்லை. காலேஜ் நாளிலிருந்து நான் ஒரு நோன்பையும் பாதியில் விட்டதில்லை. நான் எடுக்காவிட்டால் அவர் எடுக்கமாட்டார். அவர் கை எனக்கு முன்னால் நீட்டியபடியே நின்றது.

எடுத்து வாயில் போட்டேன். பிறகுதான் அவர் தன் பழத்தை எடுத்தார்.

தண்ணீர், பழச்சாறு, சூடான சோறும் கோழியும். பணிப்பெண் எதுவும் பேசாமல் வைத்துவிட்டுப் போனாள். சாப்பிட்டபின் மாத்திரையைக் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் அம்புக்குறி மேலே திரும்பியது. மச்சான் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த வெளிச்சக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது மங்கவே இல்லை.

தரை இறங்கும்போது ஜன்னல்களைத் திறக்க வேண்டும் என்பதை நான் மறந்திருந்தேன்.

அறிவிப்பு வந்தது. அம்மையார் விழித்து, சோம்பல் முறித்து, மூடியை மேலே தள்ளினார். சூரியன் நேராக உள்ளே வந்து மச்சானின் முகத்தில் விழுந்தது. தகரக் கூரைகளும் சிவப்பு மண் சாலைகளும் அந்த வெயிலில் மின்னின. "என் ஊர் எப்படி?" என்று அம்மையார் கேட்டார். மச்சான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் வெளியே பார்த்தார். "நல்ல வெயில்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

பிறகு கடிகாரத்தைக் கழற்றினார்.

"இங்க இப்ப மணி என்ன?"

"ஆறு."

முள்ளைப் பின்னால் திருப்பினார். ஒவ்வொரு மணியாக, மூன்று சுற்று. கட்டிக்கொண்டார். படிக்கட்டில் இறங்கியபோதும், மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கான அட்டையைக் காட்டியபோதும் எனக்கு முன்னாலேயே நடந்தார். போன்கள் உயிர்பெற்றதும் எனக்கு ஷிரினிடமிருந்து செய்தி வந்தது. "நடுவில் எண் ஏறியிருக்கிறது. நோன்பைச் சீக்கிரமே திறந்தாரா? எப்படிச் சம்மதித்தார்?" சாப்பிட்டார், நலம் என்று மட்டும் பதில் போட்டேன்.

குடியேற்றப் பிரிவின் வரிசையில் நின்றிருந்தபோது யாருடைய போனிலோ பாங்கு ஒலித்தது. எங்களுக்கு முன்னால் நின்ற, கோடுபோட்ட நீளமான மேலங்கி அணிந்த பெரியவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். தான் ஒன்றை எடுத்துக்கொண்டு, தொப்பி வைத்தவர்களாகப் பார்த்து ஆளுக்கொன்று கொடுத்துக்கொண்டே வந்தார். மச்சானின் உள்ளங்கையிலும் ஒரு பேரீச்சம்பழத்தை வைத்தார்.

மச்சான் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். வரிசை நகர்ந்தது. நாங்கள் நகரவில்லை.

"மாப்ள."

"சொல்லுங்க மச்சான்."

"பிளேன்ல பழத்த வாயில போட்டீங்கள்ல?"

"போட்டேன்."

"முழுங்கினீங்களா?"

"முழுங்கினேன்."

"கொட்டைய?"

"கொட்டையத் துப்பினேன்."

அவர் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏதோ தளர்ந்தது. பழத்தைப் பிட்டுப் பாதியை என்னிடம் கொடுத்தார்.

"அப்ப ரெண்டு பேருக்கும் ஒரு நோன்பு பாக்கி. சேந்தே பிடிச்சுருவோம்."

*

டிசம்பரில் மச்சான் ஜெர்சி சிட்டிக்கு வந்தார். கடையில் கூட்டமான மாதம் அது, எப்படி விட்டுவிட்டு வந்தீர்கள் என்று கேட்டேன்.

"பிளானோவுல பகல் உங்க ஊரவிட முக்கால் மணி நேரம் நீளம். கணக்கு உங்களுக்கு மட்டும்தான் வருமா?" என்றார்.

இருவரும் அந்த ஒரு நோன்பைப் பிடித்தோம். எங்கள் வீட்டுக் கூடத்து ஜன்னல் நெவார்க் பக்கம், மேற்கே பார்த்தது. நாற்காலியை அங்கே இழுத்துப் போட்டுக்கொண்டு மச்சான் மாலை முழுவதும் உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து நோன்புக் கஞ்சியின் வாசனை வந்தது.

"காக்கா, டைம் ஆச்சா? கஞ்சிய ஊத்தவா?" என்று என் மனைவி சபீனா அண்ணனிடம் கேட்டாள்.

நான் வாயைத் திறந்தேன். மச்சான் திரும்பாமலே கையை உயர்த்தினார்.

"மாப்ள டைம் சொல்லக்கூடாது."

சூரியன் ஒரு கட்டடத்துக்குப் பின்னால் போனது. சபீனா கிண்ணத்தோடு வந்து நின்றாள். "போயிருச்சே காக்கா."

"கட்டடம் மறைக்குதும்மா. அது இன்னும் அங்கதான் இருக்கு."

என் போனில் பாங்கு ஒலித்து முடிந்தது. அப்போதும் அவர் எழுந்திருக்கவில்லை. வானத்தின் அடியில் இருந்த கடைசிச் சிவப்பு சாம்பலாகும்வரை மூக்கைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். பிறகுதான் திரும்பி, தட்டிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"எடுங்க. இப்ப நெசமாவே ஆச்சு."

நீட்டிய கையில் இருந்த கடிகாரம் இன்னும் டெக்சாஸ் நேரத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதில் மணி நான்குகூட ஆகவில்லை.